நேப்பியர் புல் ஒப்பந்தம்: 5 ஏக்கரை வண்டி எரிபொருளுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

மேட்டுக்காடு
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தலைவாசல் பக்கம் எனக்கு 7 ஏக்கர், கிணற்றுப் பாசனம். 5 ஏக்கரில் மக்காச்சோளம், மீதியில் மரவள்ளி. நாலு மாடு இருப்பதால் வாய்க்கால் ஓரமாகக் கோ-4 புல் (நேப்பியரில் ஒரு ரகம்) ஒரு வரிசை ஓடுகிறது.

போன வாரம் எங்கள் ஊருக்கு இரண்டு பேர் காரில் வந்தார்கள். பக்கத்தில் பயோகேஸ் ஆலை வரப்போகிறதாம். நேப்பியர் புல்லை நொதிக்க வைத்து, வரும் வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, சிஎன்ஜி போல லாரிக்கும் காருக்கும் விற்பார்களாம். நாங்கள் புல் போட்டுக் கொடுத்தால் டன் 1,000 ரூபாய். ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரும், அதாவது ஒன்றரை லட்சம், ஐந்து வருஷத்துக்கு எழுத்து. கரணை (நடவுத் தண்டு) அவர்களே கொடுப்பார்கள், அதற்கு முன்பணமாக ஏக்கருக்கு 25,000 கட்ட வேண்டும்.

மக்காச்சோளம் முந்தின வருஷம் குவிண்டால் 2,400, 2,500 வரை போனது. இந்த முறை 2,000 கேட்கவே ஆள் இல்லை. அதனால் மனசு கொஞ்சம் ஆடுகிறது. இதில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கிணத்துமேடு
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, இந்தக் கதையை நான் ஒருமுறை முழுசாகக் கேட்டிருக்கிறேன். அப்போது செடியின் பேர் காட்டாமணக்கு.

2006 என்று நினைவு. தண்ணீர் வேண்டாம், மானாவாரியில் வரும், ஆடு கடிக்காது, விதையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அதிலிருந்து டீசல் எடுக்கிறோம் என்றார்கள். நாடு முழுக்கவே அந்த அலை அடித்தது. 2003ல் திட்டக் கமிஷன் குழு காட்டாமணக்கைத் தூக்கிப் பிடித்தது. 2009ல் வந்த தேசியக் கொள்கை 2017க்குள் பெட்ரோல், டீசலில் உயிரி எரிபொருளை 20 சதவீதம் கலப்போம் என்று எழுதி வைத்தது. நான் 3 ஏக்கர் நட்டேன்.

தண்ணீர் விடாத இடத்தில் செடி இருந்தது, காய் இல்லை. தண்ணீர் விட்ட இடத்தில் காய் வந்தது, ஆனால் ஒரே குலையில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கருப்பு. ஒன்றாகப் பழுக்காது. ஒரு செடிக்கு நாலு தடவை ஆள் போய்ப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கூலி விதை விலையைவிட அதிகம். ஆடு கடிக்காது என்றார்களே, அது மட்டும் உண்மை. வறட்சியில் ஆட்டுக்குக்கூட ஆகாத செடியை மூன்று வருஷம் காவல் காத்தேன். கடைசியில் வேரைத் தோண்ட ஜேசிபிக்குக் கொடுத்தது தனிக் கணக்கு.

சம்பாதித்தவன் கன்று விற்றவன். கரணைக்கு முன்பணம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

---

சோலார்_சித்தன்
ஞாயிறு, இரவு 10.31

2025லும் புல்லை எரித்து வண்டி ஓட்டப் போகிறோமா? 🙂

---

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 11.02

புல் பற்றித் தெரியாது. ஆனால் பயிரிலிருந்து எரிபொருள் என்றாலே எங்கள் கடையில் இப்போது தினமும் பஞ்சாயத்துதான். வருகிற வண்டியில் பாதிப் பேர் "இ20தான் கெடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறார்கள். கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து வடிக்கிற எத்தனாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் இ20. பிளக் மாற்றி மூன்று வருஷம் ஆன வண்டிக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

அதற்காக எல்லாம் கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். போன ஐப்பசியில் ஒருவர் 2009 மாடல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் வெளியூர், வண்டி திண்ணை ஓரம் மழைச் சாரலில் நின்றிருக்கிறது, டேங்க்கில் கால் வாசி பெட்ரோல். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மேலே பெட்ரோல், அடியில் தனியாக ஒரு படலம், கலங்கிய கஞ்சித் தண்ணீர் மாதிரி. மிதவை ஊசியில் வெள்ளைப் பொடி. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இன்ஜினுக்குப் போகிற குழாயும் அடியில்தானே இருக்கிறது.

தினமும் ஓடுகிற வண்டிக்கு இது வராது. நிற்கிற வண்டிக்குத்தான். பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தை மட்டும் வடித்து விடுங்கள்.

---

கரும்புத்தோகை
திங்கள், காலை 6.20

மைலேஜ் குறைகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்க மெக்கானிக் அண்ணா.

---

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
திங்கள், காலை 8.45

குறைகிறது. 50 கொடுத்த வண்டி 47, 48 கொடுக்கும். 30ஆக விழுந்துவிட்டது என்று வந்தால் நான் முதலில் செயினையும் பிரேக்கையும்தான் பார்ப்பேன்.

---

வேதியியல்_வாத்தியார்
திங்கள், காலை 10.10

ஸ்பேனர் சொல்வது கணக்குக்கும் ஒத்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் கலவையில் ஆற்றல் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். எத்தனாலின் ஆக்டேன் (இன்ஜினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தன்மை) அதிகம் என்பதால் அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின் அதில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6-7 சதவீதமும் இருசக்கர வண்டிகளுக்கு 3-4 சதவீதமும் குறையும் என்று இருக்கிறது. ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. பங்க்கில் விலையைக் குறைக்காமல் 20 சதவீதம் கலந்ததுதான் மக்களுக்குக் கோபம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு சங்கதி. பெட்ரோல் எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த புது வண்டியில் சென்சார் பார்த்து அளவைச் சரிசெய்துவிடும். கார்புரேட்டர் ஜெட்டுக்குக் கண் கிடையாது, பழைய அளவையே விடும். காற்று கூடி, எரிபொருள் போதாமல், சூடு கொஞ்சம் ஏறும்.

மேட்டுக்காடு அவர்களே, உங்கள் கேள்விக்கு இரவு வருகிறேன். வகுப்பு இருக்கிறது.

---

முட்டைக்கணக்கு
திங்கள், காலை 11.30

நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன். 40,000 முட்டைக்கோழி.

மேட்டுக்காடு அண்ணா, மக்காச்சோளம் 2,500 போனதே என்று நீங்கள் சந்தோஷப்பட்ட அதே வருஷம் நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், பாதி மக்காச்சோளம். ஒரு டன் மக்காச்சோளத்தில் வடிக்கிற எத்தனால் சுமார் 380 லிட்டர். அப்படிப் பார்த்தால் பைக்கில் 10 லிட்டர் இ20 போடும்போது, அதில் உள்ள எத்தனால் மக்காச்சோளத்தில் வந்தது என்றால், ஐந்தே கால் கிலோ சோளம் டேங்க்குக்குள் போகிறது. என் பண்ணையில் 95 கோழிக்கு ஒரு நாள் மக்காச்சோளம் அது.

2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு. ஆலைக்காரர்கள் எல்லாரும் மொத்தமாக மக்காச்சோளத்தின் மேல் விழுந்தார்கள். மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டர் 71.86 ரூபாய், கரும்புச் சாற்று எத்தனாலுக்கு 65.61. பிறகு ஏன் விழ மாட்டார்கள்? வெளிநாட்டுக்கு மக்காச்சோளம் விற்றுக்கொண்டிருந்த நாடு 2024ல் மியான்மரிலும் உக்ரைனிலும் இருந்து வாங்கியது.

2025ல் உணவுக் கழக அரிசியை 52 லட்சம் டன் வரை ஆலைகளுக்குத் திறந்துவிட்டார்கள். உங்கள் விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

மேட்டுக்காடு
திங்கள், மதியம் 1.05

முட்டை அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் 2018ல் படைப்புழு வந்து குருத்தையெல்லாம் தின்றுபோனபோது, மருந்து அடித்தே ஏக்கருக்கு எவ்வளவு போனது என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் எங்களுக்கென்று நல்ல விலை வந்தது அந்த ஒரு வருஷம். 2025-26க்கு ஆதரவு விலை 2,400 என்று அறிவிப்பு இருக்கிறது, கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) கொண்டு போனால் ஈரம் என்கிறார்கள்.

வடித்த பிறகு மிஞ்சும் சக்கை திரும்பக் கோழிக்குத்தானே வருகிறது?

---

முட்டைக்கணக்கு
திங்கள், மதியம் 2.40

வருகிறது. டிடிஜிஎஸ் என்பார்கள். டன்னுக்கு 300 கிலோ அளவில் திரும்பி வரும், புரதம் நன்றாகவே இருக்கும். சோயாப் புண்ணாக்கு விலையை அதுதான் கீழே இழுத்தது, அந்த நன்மையை மறைக்க மாட்டேன். ஆனால் மாவுச்சத்து மட்டும் போய் மற்றதெல்லாம் தங்குவதால், சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் சக்கையில் மூன்று மடங்கு செறிவாகத் தங்கும். ஒரு லோடு கருகின நிறத்தில் வந்தது, காய்ச்சிய வெல்லம் அடிப்பிடித்த வாசனை. நம்பிப் போட்டேன். பத்து நாளில் முட்டை இறங்கியது. இப்போது சோதனைச் சீட்டு இல்லாமல் மூட்டையை இறக்க விடுவதில்லை.

---

சோலார்_சித்தன்
திங்கள், மாலை 4.15

எல்லாரும் ஒரு ஏக்கர் கணக்கை மட்டும் பாருங்கள். ஒரு மெகாவாட் சோலாருக்கு ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 15 லட்சம் யூனிட். ஏக்கருக்கு 3 லட்சம். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடினால் 21 லட்சம் கிலோமீட்டர். உங்கள் கரும்பு ஏக்கருக்கு 40 டன், டன்னுக்கு 70 லிட்டர், மொத்தம் 2,800 லிட்டர் எத்தனால். பெட்ரோல் கணக்கில் 1,850 லிட்டர். லிட்டருக்கு 15 ஓடுகிற காரில் 28,000 கிலோமீட்டர். எழுபத்தைந்து மடங்கு வித்தியாசம்! ஒளிச்சேர்க்கையை நம்பி வண்டி ஓட்டுவது மாட்டு வண்டியில் விமான நிலையத்துக்குப் போவது மாதிரி.

---

கரும்புத்தோகை
திங்கள், மாலை 5.50

சித்தரே, எங்கள் ஊரில் மின்சாரக் கார் வைத்திருப்பது ஒரே ஒருவர், பல் டாக்டர். கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டீசலில் ஓடுகிறது. கணக்கு சரிதான், ஆனால் அந்த 21 லட்சம் கிலோமீட்டரை ஓட்டப் போவது யார்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான். எத்தனால் வந்தால் ஆலை பணம் உடனே பட்டுவாடா பண்ணும் என்றார்கள். எங்கள் ஆலை (பேர் வேண்டாம்) ஒரு பருவத்துப் பாக்கியை இரண்டு வருஷம் இழுத்தது. கட்டிங் ஆர்டர் (கரும்பை வெட்ட ஆலை தரும் உத்தரவு) வாங்க நடந்த நடையில் ஒரு செருப்பு தேய்ந்தது. மத்திய அரசு விலை 2025-26க்குக் குவிண்டால் 355 என்று பேப்பரில் வரும். அது 10.25 சதவீதம் சர்க்கரை பிழியும் கரும்புக்கு. 9.5ம் அதற்குக் கீழும் போனால் 329 ரூபாய்ச் சொச்சம்தான். எங்கள் பக்கம் பிழிதிறன் எவ்வளவு என்று ஆலை எடைமேடையில் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று வாத்தியார் சொன்ன அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. என் மோட்டார் இறங்கியிருக்கும் ஆழத்தைப் பார்த்தால் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

---

மட்டுறுத்துநர்
திங்கள், மாலை 6.00

மின்சார வண்டிச் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே தலைவாசல்காரருக்குப் பதில் சொல்லுங்கள்.

---

வேதியியல்_வாத்தியார்
திங்கள், இரவு 9.20

சரி, புல்லுக்கு வருவோம்.

எத்தனால் வடிக்கும்போது பயிரின் சர்க்கரையோ மாவோ மட்டும்தான் பயன்படும். தட்டையும் தோகையும் நிலத்திலோ கொதிகலனிலோ போய்விடும். பயோகேஸில் பச்சைச் செடி மொத்தமும் தொட்டிக்குள் போகிறது. மரக்கட்டை மாதிரி இறுகின லிக்னினைத் தவிர மற்றதைக் கிருமிகள் தின்று மீத்தேனாக்கும். அதனால் ஏக்கர் கணக்கில் வாயு முந்துகிறது.

நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு டன் பச்சைப் புல்லிலிருந்து சுத்தம் செய்த வாயு 35 முதல் 40 கிலோ எதிர்பார்க்கலாம். கச்சா வாயுவில் மீத்தேன் 55-60 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பங்கு கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அவற்றை நீக்கி, மீத்தேனை 90க்கு மேல் ஏற்றி, 200 பார் அழுத்தத்துக்கு மேல் சிலிண்டரில் அடைத்தால் சிஎன்ஜி வண்டி அதை அப்படியே குடிக்கும். ஒரு கிலோ என்பது சுமார் 1.3 லிட்டர் பெட்ரோல்.

ஏக்கருக்கு 80 டன் என்றால் 2,900 கிலோ வாயு, அதாவது ஏறக்குறைய 3,800 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். கரும்பு எத்தனாலைப் போல் இரண்டு மடங்கு. மக்காச்சோளம் ஒரு போகத்துக்கு 660 லிட்டர் தாண்டாது. (சித்தரின் சோலார் இதையும் முப்பது நாற்பது மடங்கு தாண்டும், தெரியும்.)

ஏன் 150 டன் என்று எழுதாமல் 80 என்று எழுதினேன்? கோ-4, கோ-5க்கு எக்டருக்கு 360 முதல் 400 டன் என்பது பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல், தண்ணீரும் உரமும் குறையே இல்லாத நிலத்தில். உங்கள் கிணற்றில் சித்திரை மாதம் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பெருக்கல். நாளைக்கு 5 டன் வாயு எடுக்கும் ஆலைக்குப் புல் மட்டுமே தீனி என்றால் தினம் 140 டன் வேண்டும். அதற்கு 600 ஏக்கருக்கு மேல், கூப்பிடு தூரத்தில், வருஷம் முழுக்கப் பச்சையாக. 80 சதவீதம் தண்ணீரான சரக்கை 40 கிலோமீட்டர் டீசல் லாரியில் இழுத்தால் லாபம் டயரில் போய்விடும். வந்தவர்களிடம் எத்தனை ஏக்கர் எழுத்தாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

---

ஹனோவர்_தமிழன்
செவ்வாய், அதிகாலை 1.35

இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் கீழ் சாக்சனி மாநிலத்தில் ஒன்பது வருஷமாகப் பயோகேஸ் ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை செய்கிறேன்.

2004ல் இங்கே சட்டத்தைத் திருத்தி, பயிரைப் போட்டு வாயு எடுத்தால் கூடுதல் விலை என்றார்கள், இருபது வருஷம் உறுதி. விவசாயிகள் பாய்ந்தார்கள். இன்று நாட்டில் 9,000 ஆலைகளுக்கு மேல். முக்கியத் தீனி மக்காச்சோளம், கதிரோடு பச்சையாக வெட்டி, பொடியாக நறுக்கி, டிராக்டர் ஏற்றி மிதித்து, கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கிவிடுவார்கள். ஊறுகாய் போடுவது மாதிரிதான். ஜனவரிக் குளிரில் அதைத் திறக்கும்போது வரும் புளிப்பு வாடை என் வேலை உடுப்பைவிட்டுப் போகவே போகாது, வீட்டில் தனி அலமாரி ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். குத்தகை ஏறியது, மாடு வைத்திருந்த சின்ன விவசாயியால் நிலம் பிடிக்க முடியவில்லை. காட்டுப்பன்றி பெருகியது, மூன்று மாதம் மக்காச்சோளத்துக்குள்ளேயே விருந்து கிடைக்கிறதே. நிலமெல்லாம் மக்காச்சோளமாகிப் போனதைச் சொல்ல இவர்கள் மொழியில் ஒரு வசைச்சொல்லே பிறந்தது. 2012ல் தீனியில் 60 சதவீதத்துக்கு மேல் மக்காச்சோளம் கூடாது என்று சட்டத்தில் மூடி போட்டார்கள்.

இவ்வளவு செய்தும் இங்கே வாயு பெரும்பாலும் மின்சாரத்துக்கும் சூட்டுக்கும்தான் போகிறது. வண்டிக்குப் போவது கொஞ்சம். வண்டி ஓட்டக் கற்றது ஸ்வீடன்காரர்கள். லின்ஷோப்பிங் ஊரில் நகரப் பேருந்துகள் பயோகேஸில் ஓடுகின்றன, 2005ல் ஒரு ரயிலே விட்டார்கள். அவர்கள் அதற்கென்று வயலைத் தேடிப் போகவில்லை, இறைச்சிக்கூடக் கழிவில் ஆரம்பித்தார்கள்.

மேட்டுக்காடு அண்ணா, கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள். நொதித்து முடிந்த கூழ் யாருக்கு? புல் ஒவ்வொரு வெட்டுக்கும் உங்கள் மண்ணிலிருந்து தழைச்சத்து, சாம்பல்சத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். வாயுவில் போவது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், மற்ற சத்தெல்லாம் கூழில் இருக்கிறது. அது உங்கள் காட்டுக்குத் திரும்பாவிட்டால் மூன்றாம் வருஷம் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

---

மேட்டுக்காடு
செவ்வாய், காலை 6.50

இதை நான் யோசிக்கவே இல்லை தம்பி. எங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்குப் பின்னால் கோபர் கேஸ் இருந்தது, இரும்பு டிரம் மிதக்குமே, அந்த மாதிரி. அடுப்பு மந்தமாக எரிந்தால் அம்மா என்னை அனுப்பி டிரம் மேல் அம்மிக்கல்லை வைக்கச் சொல்வாள். கொஞ்ச நேரத்துக்கு நீலமாக எரியும். வெளியே வரும் கரைசலைத்தான் அப்பா மஞ்சளுக்கு விட்டார், அந்த வருஷத்துக் கிழங்கு விரல் கனம் இல்லை, மணிக்கட்டு கனம். டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் சிலிண்டர் வந்துவிட்டது, குழி அப்படியே கிடக்கிறது.

---

முட்டைக்கணக்கு
செவ்வாய், காலை 9.15

எங்கள் பக்கம் புதுச்சத்திரத்தில் பயோகேஸ் ஆலை உண்டு, கோழி எருவெல்லாம் தீனியாகப் போகிறது. அந்த வாயு 2020 முதல் பங்க்குக்கும் போனது. கழிவில் இருந்து எடுப்பதை நான் எதிர்க்கவே மாட்டேன். எருவை என்ன செய்வது என்று முழித்த ஆட்கள் நாங்கள்.

உங்கள் ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை எத்தனை இருக்கிறது? திப்பியும் (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) கிழங்கு கழுவின தண்ணீரும் ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன. அந்தத் தண்ணீர்க் குட்டையைத் தார்ப்பாயால் மூடி வாயு பிடித்து ஆலையை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மக்காச்சோளக் காட்டில் புல் எதற்கு?

---

கரும்புத்தோகை
செவ்வாய், காலை 10.05

சர்க்கரை ஆலைப் பிரஸ்மட்டும் (சாறு வடிகட்டும்போது மிஞ்சும் கசடு) அப்படித்தான். ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் பிரஸ்மட் போதும், புல்லைப் போலவேதான் கணக்கு, விளைவிக்கிற வேலை இல்லை. என்ன, முன்பு எங்களுக்குச் சும்மா கொடுத்த பிரஸ்மட்டுக்கு இப்போது விலை வைத்துவிட்டார்கள். கழிவுக்கு மவுசு வந்தால் அது கழிவாக இருப்பதில்லை.

---

கிணத்துமேடு
செவ்வாய், காலை 11.20

மத்திய அரசு 2018 அக்டோபரில் ஆரம்பித்த பயோகேஸ் திட்டம் 5,000 ஆலை என்றது. 2025ல் ஓடுவது நூற்றுச் சொச்சம். அறிவிப்பை வைத்து நிலத்தை எழுதிக் கொடுக்காதே தம்பி. ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு எழுது.

---

ஹனோவர்_தமிழன்
செவ்வாய், மதியம் 12.40

பயோகேஸ் ஆலைக்குப் புகைபோக்கி பெரிதாக இருக்காது ஐயா, பச்சைக் குடைக் கூரைதான் தெரியும். 😄

விளையாட்டு இருக்கட்டும், ஒன்று சொல்ல மறந்தேன். பழைய குழியைத் திறக்கப் போகிறவர்கள் தயவுசெய்து உள்ளே இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை வாடை அடிக்கும், செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை இல்லை என்று இறங்குகிறவனும் அவனைத் தூக்க இறங்குகிறவனும் சேர்ந்தே போவார்கள்.

---

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
புதன், இரவு 8.30

எனக்கு ஒரு சந்தேகம். பிரேசிலில் எத்தனாலிலேயே ஓட்டுகிறார்களாமே, அங்கே மட்டும் எப்படிச் சரிப்பட்டது?

---

வேதியியல்_வாத்தியார்
புதன், இரவு 10.00

அவர்கள் 1975ல் தொடங்கினார்கள், ஐம்பது வருஷக் கதை. நிலம் அதிகம், பெரும்பாலான கரும்பு மழையிலேயே விளைகிறது. சக்கையை எரித்தே ஆலை ஓடுகிறது. அங்கேயும் 1980களின் கடைசியில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் போய், எத்தனால் கார் வைத்திருந்தவர்கள் பங்க்கில் வரிசையில் நின்றார்கள். அந்தச் சூட்டில்தான் எந்தக் கலவையையும் குடிக்கும் கார் 2003ல் சந்தைக்கு வந்தது. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுகிறவரே முடிவு செய்கிறார். நமக்குப் பங்க்கில் அந்தத் தெரிவு இல்லை. 2003ல் 5 சதவீதம் என்று ஆரம்பித்து, பத்து வருஷம் கழித்தும் 2 சதவீதத்தைத் தொடாமல் கிடந்துவிட்டு, 2022ல் 10, 2025ல் 20 என்று ஓடினோம். வண்டிகள் அந்த வேகத்தில் மாறவில்லை.

---

மேட்டுக்காடு
ஞாயிறு, மாலை 5.15

போய்ப் பேசிவிட்டு வந்தேன். கூட ஊர்க்காரர்கள் மூன்று பேர்.

ஆலைக்கு இடம் வாங்கியாயிற்றா என்று கேட்டேன், பேச்சு நடக்கிறதாம். இதுவரை எத்தனை ஏக்கர் என்றதற்கு நோட்டைப் புரட்டி 38 என்றார். வெட்டுக் கூலி யார் பொறுப்பு என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விவசாயி வெட்டி, ஏற்றி, ஆலை எடைமேடைக்குக் கொண்டு வர வேண்டுமாம். எங்கள் ஊரில் வெட்டி ஏற்ற டன்னுக்கு 350க்குக் குறைந்து ஆள் வராது. வண்டி வாடகை தனி. வாத்தியார் சொன்ன 80 டன்னுக்குப் போட்டுப் பார்த்தால் ஏக்கருக்கு 50,000 நிற்பதே சந்தேகம், தண்ணீரும் உரமும் அதற்குள்.

நொதித்த கூழைப் பற்றிக் கேட்டேன். அதை மூட்டை போட்டு விற்பார்களாம், எங்களுக்குச் சலுகை விலையாம்! என் புல்லில் இருந்த சத்தை எனக்கே சலுகை விலைக்கு. அங்கேயே எழுந்துவிட்டேன்.

ஆலை நிஜமாகவே வந்து, வெட்டும் இயந்திரத்தை அவர்களே அனுப்பி, கூழைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினால், மேட்டு ஏக்கர் ஒன்றை யோசிப்பேன். இப்போதைக்கு மக்காச்சோளமே. விலை வரவில்லை என்றால் கொஞ்சம் கதிரோடு வெட்டி ஹனோவர் தம்பி சொன்ன மாதிரி தார்ப்பாய் போட்டு மூடி மாட்டுக்கு வைக்கலாம் என்று இருக்கிறேன். அப்பாவின் குழியையும் மேலே நின்றே கழியை விட்டுப் பார்த்தேன், செங்கல் சுவர் இன்னும் நன்றாக இருக்கிறது. டிரம் மட்டும் புதிதாக வேண்டும்.

---

கிணத்துமேடு
ஞாயிறு, மாலை 5.40

முன்பணம் கட்டவில்லையே?

---

மேட்டுக்காடு
ஞாயிறு, மாலை 5.42

இல்லை ஐயா. ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

---

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 7.10

அண்ணா, உங்கள் வாய்க்கால் ஓரத்துக் கோ-4 கரணை ஒரு இருநூறு கிடைக்குமா? மாமனார் இரண்டு எருமை வாங்கியிருக்கிறார், தீவனத்துக்கு அலைகிறார்.

---

மேட்டுக்காடு
ஞாயிறு, இரவு 7.25

அடுத்த ஞாயிறு காலையில் வாங்க. காசு வேண்டாம், அரிவாள் மட்டும் கொண்டு வாங்க, என்னுடையது பிடி கழன்று கிடக்கிறது. அப்படியே என் பழைய வண்டியின் கார்புரேட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்க.